கணினியின் நினைவுக் காப்பு மின்கலமும் திருப்பூர் பனியன் நிறுவனங்களும்

நினைவுக் காப்பு மின்கலம் என்பது, கணினி அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தையும் அடிப்படை அமைப்பு விவரங்களையும் காக்கும் சிறு மின்கலமாகும். பேச்சு வழக்கில் 'சிமோஸ் பேட்டரி' என்பர். நம் கோப்புகள் இதில் இருப்பதில்லை. அவை வன்தட்டில் உள்ளன. இவ்வேறுபாடு தெரியாமல், மின்கலம் தீர்ந்த கணினியைக் கெட்டுவிட்டது என்று பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினால் கணக்குகளும் கூடவே போய்விடும்.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இம்மின்கலம் கிடையாது. நினைவகம் எவ்வளவு, நெகிழ்வட்டு இயக்கிகள் எத்தனை என்பவற்றைத் தாய்ப்பலகையிலுள்ள சிறு விசைகளைத் தள்ளிக் குறிக்க வேண்டும். தேதியைத் தட்டச்சு செய்யாவிட்டால் டாஸ் அதனை 1980 சனவரி 1 என்றே கொள்ளும். 1984இல் ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு இடம்பெற்றது. அதில் மொத்தம் 64 பைட்டுகள். கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் 14 போக, மீதி 50 பைட்டுகளில் வன்தட்டின் வகை முதலிய விவரங்கள் இருந்தன. ஒருங்குறியில் எழுதினால் இந்த வாக்கியம்கூட அதில் அடங்காது.

அவ்வளவு சிறிய குறிப்பு அழிந்தாலும் வேலை நின்றுவிடும். 386, 486 காலக் கணினிகள் பலவற்றில் வன்தட்டின் உருளை, தலை, பகுதி எண்களைக் கையால் கொடுக்க வேண்டியிருந்தது. எண்கள் தெரியாவிட்டால், வன்தட்டு நலமாக இருந்தும் கணினி அதனைக் காணாது. விவரமறிந்தவர்கள் அவ்வெண்களைத் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைத்தனர்.

அக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் பற்றவைத்திருந்த 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் முதுமையில் கசியும். அந்தக் காரம் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்து, பலகையையே கெடுத்துவிடும். டல்லாஸ் நிறுவனம் மின்கலத்தைச் சில்லுக்குள்ளேயே வைத்து மூடியது. கசிவு நின்றது, ஆனால் மின்கலத்தை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. பின்னர் பரவலான 'சி.ஆர். 2032' என்னும் காசு வடிவ லித்தியம் மின்கலமே சாமானியர் கையால் மாற்றத்தக்கது. விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ., மின்னழுத்தம் 3 வோல்ட்.

1995க்குப் பின் வந்த ஏ.டி.எக்ஸ். வகைக் கணினிகளில், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மின்வழங்கியே கடிகாரத்துக்கும் மின்சாரம் தரும். பனியன் கம்பெனிகளில் இரவு மெயினை அணைத்துவிட்டுப் பூட்டுவது வழக்கம். தீபாவளிக்குத் தொழிலாளர் ஊருக்குப் போனால் பல நாள் பூட்டு. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அவ்வாறு மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடக்கும் கணினிக்கு இந்தக் காசு மின்கலம் ஒன்றே துணை.

தீர்ந்ததன் முதல் அறிகுறி தேதி பின்னோக்கிப் போவதுதான். ஏற்றுமதி செய்பவருக்கு இது சிறு தொல்லையன்று. இன்வாய்சும் பேக்கிங் லிஸ்ட்டும் தவறான தேதியில் அச்சானால் வங்கியில் கேள்வி எழும். இன்றோ தேதி பிழையென்றால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்காது, ஜி.எஸ்.டி. தளமும் திறவாது. இதை இணையக் கோளாறு என்றெண்ணி மோடத்தை மாற்றுவோரும் உண்டு.

மாற்றும் முன் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ள கணினியில் வன்தட்டு முறை ஐ.டி.இ.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாறிவிட்டால், புதிய மின்கலம் போட்ட பிறகும் நீலத்திரைதான் வரும். பிறகு இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, கொக்கியை விலக்கிப் பழையதை எடுக்கலாம். பஞ்சுத் தூசி படிந்திருந்தால் துடைத்துவிட்டு, கூட்டல் குறி பழையது இருந்த பக்கமே இருக்குமாறு புதியதைப் பொருத்த வேண்டும். தேதி, நேரம், வன்தட்டு முறை மூன்றையும் சரிபார்த்துச் சேமித்தால் வேலை முடிந்தது. கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

கணினிக் கட்டுப்பாடுள்ள பழைய தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மட்டும் இம்முறை பொருந்தாது. அவற்றுள் சிலவற்றில் அமைப்பு விவரங்களோடு வேலை நிரலும் மின்கலம் காக்கும் நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்கலத்தைக் கழற்றினால் அத்தனையும் அழியும். அத்தகையவற்றில் முதலில் நிரலை வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், மின்சாரம் ஓடும்போதே பழகிய மெக்கானிக் மின்கலத்தை மாற்றுவார்.