சோழிக் கணக்கும் வானமும்

2025ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் சனி மீனத்தில் நுழைந்துவிட்டது என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். திருநள்ளாறு ஆலயத்தாரோ, பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தனர். அவர்கள் கைக்கொள்வது வாக்கியப் பஞ்சாங்கம். பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொள்ளும் குடும்பங்களிலும், நாள் குறிக்க எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது என்ற பேச்சு எழுவதுண்டு. ஒரே கோள், ஒரே வானம். ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. இதன் வேரைத் தேடிப் போனால் நாம் புதுச்சேரியில் ஒரு சோழிக் குவியலின் முன் நிற்போம்.

1825ஆம் ஆண்டு சென்னையில் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், முன்னர்ச் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை வகித்தவர். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துத் தருமாறு அவர் கேட்டுக்கொண்டார். அப்பெரியவர் எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான அட்டவணைகளைச் சொல்லிச் சொல்லி விடையை எட்டினார். சித்தாந்தக் கொள்கைகளை அவர் அறியார் என்றே வாரன் எழுதுகிறார். பின்னாளில் ஆட்டோ நொய்கெபவுர் 1952இல் இதை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் என்ற அளவிலேயே பிழை இருக்கக் கண்டார். கருவி ஏதுமில்லாக் கணக்குக்கு இது சிறிய சாதனையா?

அந்த அட்டவணைகளே வாக்கியங்கள். சந்திரன் தன் அண்மைநிலையினின்று புறப்பட்டு மீண்டும் அங்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 248 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொற்றொடர் என 248 வாக்கியங்கள். எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையால் அச்சொற்கள் பாகைகளாக விரியும். கழிந்த நாள்களிலிருந்து 12372, 3031, 248 ஆகிய சுழற்சிகளை நீக்கினால், மிஞ்சுவது வாக்கியத்தின் வரிசை எண். வகுத்தலைத் தவிர வேறு கடுமையில்லை.

வாசகர்கள் கணினித் துறையினராயின் இதில் பழகிய ஒன்றைக் காண்பர். 1967இல் டி புரூயின் தொடங்கிய ஆட்டோமாத்தின் வழிவந்தவை, கணிதத் தேற்றங்களைச் சரிபார்க்கும் நிரல்கள். அவற்றுள் காக் (இன்றைய பெயர் ராக்), லீன் ஆகியவற்றின் சோதனைத் தொகுப்பில், நிரலோடு அது தரவேண்டிய விடையும் ஒரு கோப்பாக இருக்கும். இன்று வரும் விடை அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும். பொருந்தாதபோதுதான் வழக்கே தொடங்குகிறது. நிரல் கெட்டதா, கோப்புப் பழையதாயிற்றா? புதிய விடையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவைத்தால், பிழையே இலக்கணமாகிவிடும். பழையதையே பிடித்து நின்றால், சரியானதும் பிழையாகத் தோன்றும். எந்திரம் வேறுபாட்டைக் காட்டுமே தவிர, தீர்ப்பு மனிதனுடையது.

பஞ்சாங்கத்திலோ ஒப்பிடவேண்டிய கோப்பு வானமே. கேரளத்துச் சங்கமகிராம மாதவன் வாக்கியங்களைத் திருத்தி விகலை வரை நுணுக்கமாக்கினான். அவன் வழிவந்த பரமேசுவரன் பல்லாண்டு கிரகணங்களை நோக்கி, 1431இல் 'திருக்கணிதம்' இயற்றினான். கண்ணுக்குத் தெரிவதோடு கணக்கு ஒத்திருக்கவேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். ஆக, வாக்கியத்தைத் திருத்துவது மரபுக்குப் புறம்பு என்பார் வாதம் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதே நம் துணிபு.

ஐரோப்பியர் கணக்கும் அன்று தவறாதது அன்று. 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைந்தது. டோபியாஸ் மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி மிகுந்தன. இதைப் பதிந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல். வெள்ளி இடைநகர்வைக் காண 1769இல் புதுச்சேரியில் காத்திருந்து, மேகத்தால் ஏமாந்த அதே மனிதர்!

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வைப் பற்றி மக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர். பஞ்சாங்கம் வானோடு ஒத்திருக்கவேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. 1880இல் அவர் மறைந்தார். வாக்கியமும் திருக்கணிதமும் ஆண்டுதோறும் தனித்தனியே அச்சேறிவருகின்றன.