1968: உதவ வந்தவர்களைப் போகச் சொன்ன பேச்சு

வெளிநாட்டுக்குப் போய் ஒரு செமஸ்டர் படிக்கிறது, அங்கேயே ஒரு கிராமத்தில் சேவையும் செய்யிறது, ரெண்டுக்கும் சேர்த்துப் புள்ளி வாங்கிறது. இப்படியான பாடநெறிகள் இன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சர்வசாதாரணம். தமிழில் ‘சேவைவழிக் கற்றல்’ என்று சொல்லலாம். இதன் வரலாற்றைத் தேடினால் பெரும்பாலும் நல்ல கதைகள்தான் கிடைக்கும். நாங்கள் இங்கே எழுத நினைத்தது, அந்த நல்ல கதைக்குள் புகுந்து சத்தம் போட்ட ஒருவரைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1923இல் டெலவெயார் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைப் பிரான்ஸுக்கு அனுப்பியது. மொழியும் பண்பாடும் படிக்கப் போனார்கள். சேவை என்ற பேச்சே இல்லை. அது வந்து சேர்ந்தது 60களில். 1960 ஒக்டோபர் 14, அதிகாலை இரண்டு மணியளவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு படிக்கட்டில் நின்றுகொண்டு ஜோன் எஃப். கென்னடி மாணவர்களைக் கேட்டார்: கானாவில் போய் வேலை செய்ய உங்களில் எத்தனை பேர் தயார்? அடுத்த மார்ச்சில் பீஸ் கோர் உருவானது. (அதை ‘அமைதிப் படை’ என்று மொழிபெயர்க்கக் கை வரவில்லை. எங்கட ஊரில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம்.) பனிப்போர்க் காலம். ஏழை நாடுகளுக்கு இளைஞர்களை அனுப்புவது தருமமாகவும் இருந்தது, அரசியலாகவும் இருந்தது.

அதே அலையில், அமெரிக்க, கனேடியக் கத்தோலிக்க மாணவர்கள் கோடை விடுமுறையில் மெக்சிக்கோக் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். புள்ளிக்காக இல்லை, நல்ல மனதோடுதான். 1968 ஏப்ரல் 20 அன்று அவர்களுடைய மாநாட்டில் பேச இவான் இலிச் அழைக்கப்பட்டார்.

இலிச் வியன்னாவில் பிறந்த குருவானவர். நியூயோர்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ மக்களோடு வேலை செய்தவர். மெக்சிக்கோவின் குவெர்னவாக்கா நகரில் அவர் நடத்திய மையத்துக்குத்தான் லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் பாதிரிமாரும் தொண்டர்களும் ஸ்பானிய மொழி படிக்க வருவார்கள். வந்து போகிறவர்களை இவ்வளவு கிட்ட நின்று பார்த்தவர்கள் குறைவு. அவர் மாணவர்களுக்குச் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் வரவேண்டாம். உங்களுக்கு அந்த மக்களின் மொழி தெரியாது, ஆகவே நீங்கள் செய்யும் பிழையை அவர்கள் உங்களுக்குச் சொல்லவும் முடியாது. தெரியாமலே நீங்கள் கொண்டுபோவது அமெரிக்க நடுத்தர வர்க்க வாழ்க்கையின் விளம்பரம். ஏழைகளோடு வேலை செய்யத்தான் வேணுமென்றால் உங்கட நாட்டு ஏழைகளிடம் போங்கள். அவர்கள் முகத்துக்கு நேரே ‘போடா’ என்று சொல்லுவார்கள், அது உங்களுக்கு விளங்கவும் செய்யும். மெக்சிக்கோவைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள். உதவ மட்டும் வராதீர்கள்.

கூப்பிட்டு வைத்துப் பேசக் கேட்டவர்களுக்கு இப்படியொரு பேச்சு!

அவர் சொன்னதில் எங்களை அதிகம் பிடித்து நிறுத்துவது மொழி பற்றிய இடம். திட்டக்கூட முடியாத ஆளுக்கு உதவுவது வலு சுகம். ஆனால் சொந்த நாட்டில் இருந்தால் எல்லாம் சரி என்கிறதை நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. 1958இல் கொழும்பு நாளந்தா வித்தியாலய ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குப் போனார்; சர்வோதயம் தொடங்கியது அங்கே. போனவர்களும் ஊராரும் பேசியது ஒரே சிங்களம்தான். ஆனால் அது ஒடுக்கப்பட்ட ரொடி சாதியினரின் கிராமம். கடல் தாண்டாமலே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று பாருங்கள்.

இலிச் பேசிய அதே ஆண்டிலேயே இந்தியானா மாநிலத்தின் கோஷன் கல்லூரி வேறொரு வழியில் போனது. மெனனைட் கிறிஸ்தவர்களின் கல்லூரி அது. போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாகச் சேவை செய்த மரபு அவர்களுடையது. 1968இல் கொஸ்டா ரிக்கா, ஜமெய்க்கா, குவாதலூப்புக்கு முதல் குழுக்களை அனுப்பினார்கள். பாதித் தவணை உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி மொழியும் வரலாறும் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சேவை. இலிச்சுக்கான பதிலாக அது திட்டமிடப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவர் தூக்கிப்போட்ட கேள்விக்கு அந்த வரிசை ஓரளவு பதில்: முதலில் கேட்கப் பழகு, பிறகு கை வை.

‘சேவைவழிக் கற்றல்’ என்ற ஆங்கிலப் பெயரை 60களின் நடுவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரொபர்ட் சிக்மன். 1979இல் அவர் மூன்று கொள்கைகளை எழுதினார். முதலாவது, எந்தச் சேவை வேணும் என்பது சேவை பெறுகிறவர்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது. எழுத லேசு. நடைமுறையில் பாடத்திட்டம் போடுவது பல்கலைக்கழகம், திகதி தீர்மானிப்பது செமஸ்டர், புள்ளி போடுவது விரிவுரையாளர். தன் வீட்டில் ஒரு பிள்ளையைப் பல வாரம் வைத்துச் சோறு போட்டு, மொழி சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அந்தப் பெறுபேற்றுத் தாளில் இடமில்லை.

இலிச்சின் பேச்சு என்ன ஆனது? அது இப்போது அதே பாடநெறிகளின் வாசிப்புப் பட்டியலில் இருக்கிறது. பயணத்துக்கு முதல் மாணவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். வாசித்துவிட்டு வகுப்பில் விவாதிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரைக்கும் புள்ளி உண்டு.