பல் மருத்துவத்தில் இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள்கள்

பிசினுக்குள் (ரெசின்) மெல்லிய இழைகளைப் பதித்து இறுகச் செய்த பொருள் இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள் எனப்படும். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்துக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகும், வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு பல் கிளினிக்கில் விழுந்த பல்லின் இடத்தில் ஒட்டப்படும் சிறு பாலமும் பொருளளவில் ஒரே குடும்பம். இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது ஈ-கண்ணாடி என்னும் ஒரே வகைக் கண்ணாடி இழைதான். படகில் அதைப் பிடித்து வைப்பது பொலியெஸ்டர் பிசின். வாயில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது 1962இல் அமெரிக்க ஆய்வாளர் ரஃபாயல் போவன் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ வகைப் பிசின். பழைய படகின் அடியில் பிசின் கொப்புளித்து அடுக்குகள் பிரிந்திருப்பதைப் பார்த்தவருக்கு, வாய்க்குள் இந்தப் பொருள் எப்படிப் பழுதாகும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

வலிமை

கட்டுப்பல்லின் அடித்தளமான இளஞ்சிவப்பு அக்கிரிலிக்குக்கு 65 மெகாபாஸ்கல் வளைவு வலிமையையும், கடைவாய்ப் பல்லை நிரப்பும் சாதாரணக் கூட்டுப்பொருளுக்கு 80 மெகாபாஸ்கலையும் குறைந்தபட்ச அளவாக ஐஎஸ்ஓ தரங்கள் கேட்கின்றன. ஒரே திசையில் கண்ணாடி இழை நெருக்கமாக ஓடும் தண்டு ஆய்வுகூடச் சோதனையில் 1000 மெகாபாஸ்கலையும் தாண்டுவதுண்டு.

இந்த எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. தும்புக் கயிறு நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கே பிரித்தால் புரி கழன்றுவிடும். இழைகளும் அப்படித்தான். கிரெஞ்செல் காரணி என்ற கணக்கில், விசை வரும் திசையிலேயே எல்லா இழைகளும் ஓடினால் வலுவூட்டும் பயன் 1. ஒரே தளத்தில் தாறுமாறாகக் கிடந்தால் ஏறத்தாழ 0.38. முப்பரிமாணத்திலும் சிதறிக் கிடந்தால் 0.2. கடிக்கும்போது பாலத்தின் அடிப்பக்கமே இழுபடுகிறது. ஆகவே இழைக்கற்றையை அங்கே வைக்காமல் நடுவில் புதைத்தால், விலை உயர்ந்த பொருளைப் போட்டும் பெரிய பலன் இல்லை.

குட்டை இழைகளுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. கண்ணாடி இழை பிஸ்-ஜிஎம்ஏ பிசினிலிருந்து உருவி வராமல் சுமையை ஏற்க, அதன் நீளம் ஏறத்தாழ 0.5 முதல் 1.6 மில்லிமீற்றர் வரையாவது இருக்க வேண்டும். பெரிய குழிகளின் அடியில் நிரப்பும் எவர்எக்ஸ் போஸ்டீரியர் போன்ற பசைகளில் மில்லிமீற்றர் அளவிலான இழைகள் இருப்பது இதனால்தான். அதன்மேல் சாதாரணக் கூட்டுப்பொருளால் மூடி போடுவார்கள். மூடாவிட்டால் மேற்பரப்பு சொரசொரக்கும்.

வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்குள் இறக்கும் தண்டில் கதை வேறு. அங்கே அளவுக்கு மீறிய விறைப்பே கேடு. விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு, பல்லின் பெரும்பகுதியான டென்டினுக்கு ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல், உருக்குக்கு ஏறத்தாழ 200. விறைத்த உலோகத் தண்டு சுமையை வேரின் ஒரு புள்ளியில் குவித்து வேரையே பிளக்கக்கூடும். பிளந்த வேருக்குப் பெரும்பாலும் பிடுங்குவதே வழி. டென்டினுக்கு நெருங்கிய விறைப்புள்ள இழைத் தண்டு அநேகமாகக் கழன்று வரும், மறுபடி ஒட்டலாம். 1990 வாக்கில் பிரான்சில் வந்த முதல் இழைத் தண்டுகள் கரிய நிறக் காபன் இழையால் ஆனவை. முன்பல்லில் அந்தக் கறுப்பு நிழலாகத் தெரிந்ததால் கண்ணாடி இழை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

நீடித்துழைப்பு

இழை அறுந்து பாலம் போவது அபூர்வம். இழைக்கும் பிசினுக்கும் இடையிலான பிணைப்பும், பிசினுக்கும் பல்லுக்கும் இடையிலான ஒட்டுமே முதலில் விட்டுக்கொடுக்கின்றன. கண்ணாடியையும் பிசினையும் இணைப்பது சிலேன் என்னும் மெல்லிய இரசாயனப் படலம். நீர் அதன் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. பிசினும் நீரை உறிஞ்சி இளகுகிறது. நீரில் இட்ட மாதிரிகளின் வலிமை முதல் சில வாரங்களிலேயே கணிசமாக இறங்கும். உலர்த்தினால் ஒரு பகுதி மீளும் என்பது உண்மைதான், ஆனால் வாயை யார் உலர்த்துவது? கொதிக்கும் பிளேன் ரீக்குப் பின்னால் ஐஸ்கிறீம் சாப்பிடும்போது பொருள் விரிந்து சுருங்குவதை, ஆய்வுகூடங்களில் 5 பாகை, 55 பாகை செல்சியஸ் நீரில் மாறி மாறி அமிழ்த்திப் பார்க்கிறார்கள்.

2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இழைப் பாலங்களில் ஏறத்தாழ 73 சதவீதம் நாலரை ஆண்டு தாக்குப்பிடித்ததாகக் கணக்கிட்டது. 2017இன் தொகுப்பாய்வில் ஏறத்தாழ அதே காலத்துக்கு 94 சதவீதம். இழையிலேயே பிசினை ஊறவைத்துத் தரும் முறையும், பின்லாந்தின் தூர்க்கு பல்கலைக்கழகத்தில் பெக்கா வல்லித்துவின் குழு செய்த வேலைகளும் இந்த முன்னேற்றத்தில் பங்குள்ளவை என்று கருத இடமுண்டு. ஆனாலும் ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டி இருபதாண்டு உத்தரவாதம் தருவது நேர்மையாகாது.

இலங்கையில்

இங்கே பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்குப் போனது. கொழும்பில் அரச சிகிச்சைக்கு வார்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. இழை நாடாக்களும் தண்டுகளும் இறக்குமதிப் பொருள்கள் என்பதால், 2022 போன்ற டொலர்த் தட்டுப்பாட்டுக் காலங்களில் விலையும் கையிருப்பும் ஆட்டம் காண்கின்றன.

பாலத்தைவிட இந்த நாட்டுக்கு முக்கியமானது ஆடும் பற்களைப் பின்புறம் இழை நாடாவால் சேர்த்துக் கட்டுவது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். பற்களை ஆடவைப்பது பெரும்பாலும் முரசு நோய். தோட்டப்புறத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரை பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் 1970 முதல் 15 ஆண்டு பின்தொடர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பல் துலக்கும் வழக்கமே இல்லாத அவர்களில் 8 சதவீதத்தினருக்கு முரசு நோய் விரைந்து முற்றி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதத்தினருக்கு மிதமாக முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் போகவில்லை.

கட்டு, நோயை ஆற்றாது. முரசைச் சுத்தம் செய்து அடக்கிய பிறகு பல்லை அசையாமல் பிடித்துத் தருவதே அதன் வேலை. ஒட்டும்போது ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு கெடும் என்பதால், பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்புக் கட்டியோ பஞ்சால் அடைத்தோ உலர வைப்பார்கள். வெற்றிலை போடுபவர்களுக்குப் பாக்கின் கடினத்தால் மேல்பிசின் விரைவாகத் தேயலாம். உள்ளிருக்கும் நாடா நாக்கில் நெருடத் தொடங்கினால், எச்சில் இழை வழியே உள்ளே ஊற வழி திறந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் கட்டைப் பிரிக்காமலே மேலே புதுப் பிசின் பூசி நீல ஒளியில் இறுக்கிவிடலாம். ஒரே வருகையில் முடிகிற வேலை.