பணித்தள ஆன்மப்பணி: ஆறுதல் சொல்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக நாம் நடத்திய சட்ட விழிப்புணர்வு வகுப்பொன்றில் ஓர் இளம்பெண் எழுந்து கேட்டார்: “சூப்பர்வைசர் செய்ததை, விடுதிக்கு ஜெபம் பண்ண வருகிற ஐயாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அது புகார் ஆகாதா?” ஆகாது என்றுதான் நாம் சொல்ல நேர்ந்தது. அதற்குள் நான்கு மாதங்கள் கடந்திருந்தன. அந்த ஐயா கெட்டவர் அல்லர். கேட்டார், கண்கலங்கினார், ஜெபித்தார். ஆனால் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

தொழிலாளர் வாழும் இடத்துக்குச் சமயம் வருவது புதிதன்று. அது எப்போது துணையாகிறது, எப்போது தடையாகிறது என்பதை உலக வரலாற்றிலிருந்தும் நம் சட்டத்திலிருந்தும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஷெஃபீல்டும் பாரிசும்

ஆலயத்தை விட்டு வெளியே, மருத்துவமனை, சிறை, படை, துறைமுகம், தொழிற்சாலை போன்ற இடங்களில் பணிபுரியும் குருவானவரைச் ‘சாப்ளின்’ என்பர். தொழிற்சாலைக்குள் இப்பணி ஒழுங்கான வடிவம் பெற்ற இடங்களுள் முதன்மையானது இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டு. 1944இல் அந்நகரப் பேராயர் லெஸ்லி ஹன்டர், டெட் விக்கம் என்ற குருவை உருக்காலைகளுக்கு அனுப்பினார். உணவு இடைவேளைகளில் உலைகளின் அருகே தொழிலாளருடன் உட்கார்ந்து பேசுவதே விக்கமின் முறை. நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது, தொழிற்சங்கத்தின் இசைவும் வேண்டும் என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

பிரான்சில் சிலர் இன்னும் ஓரடி முன்னே சென்றனர். டொமினிக்கன் சபைக் குரு ஜாக் லோ, 1941இல் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளியானார். அடுத்த சில ஆண்டுகளில் பாரிசிலும் பிற நகரங்களிலும் குருக்கள் தொழிற்சாலைக் கூலிகளாகச் சேர்ந்தனர். ஆறுதல் சொல்லப் போனவர்கள் வேலைநிறுத்தங்களில் நின்றார்கள். சங்கப் பொறுப்புகளை ஏற்றார்கள். 1954இல் திருச்சபைத் தலைமை இவர்களை முழுநேர வேலையையும் சங்கப் பொறுப்புகளையும் விட்டு விலகுமாறு பணித்தது. சிலர் பணிந்தனர், சிலர் மறுத்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற 1965இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆலை முதலாளி மட்டுமல்ல, சொந்தத் திருச்சபையும் ஊழியரின் வாயை அடைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

கொரியப் பெண்களின் பாடம்

நம் கவனத்துக்கு மிகவும் உரியது தென்கொரியாவின் நகர்ப்புறத் தொழிலக ஊழியம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மெதடிஸ்ட் ஊழியர் ஜார்ஜ் ஓகிளும் உள்ளூர் ஊழியர்களும் இஞ்சோன் நகரில் இப்பணியை வளர்த்தனர். 1966இல் சோ ஹ்வா-சூன் என்ற பெண் போதகர், தாம் போதகர் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் தோங்கில் நூற்பாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். போதிக்கச் சென்ற தாமே அங்கு கற்றுக்கொண்டதாக அவர் பின்னர் நினைவுகூர்ந்தார்.

அந்த ஆலையில் பெரும்பான்மையோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். சங்கத் தலைமையோ ஆண்களிடம். ஊழியம் செய்தது எளிமையான காரியம்: சிறு குழுக்களை உருவாக்கியது. சமையல், கைவேலை எனத் தொடங்கிய கூட்டங்கள் தொழிலாளர் சட்ட வகுப்புகளாக வளர்ந்தன. 1972இல் அப்பெண்கள் தம்முள் ஒருவரான ஜூ கில்-ஜாவைச் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். கொரியாவில் ஒரு தொழிற்சங்கக் கிளைக்குப் பெண் தலைவரானது அதுவே முதல்முறை.

எதிர்வினை கொடியதாக இருந்தது. 1978 பிப்ரவரியில், சங்கத் தேர்தல் நாளன்று எதிரணி ஆண்கள் அப்பெண்கள்மீது மனித மலத்தை வீசிப் பூசினர். மலத்தைச் சாதியின் ஆயுதமாக ஏவும் சமூகத்தில் வாழும் நமக்கு அந்த வன்முறையின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. பின்னர் 124 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். வேறெந்த ஆலையிலும் வேலை கிடைக்காதபடி அவர்களின் பெயர்ப்பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டது. சோ ஹ்வா-சூன் சிறை சென்றார். பொய்வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்காகக் குரல் கொடுத்த ஓகிள், 1974 டிசம்பரிலேயே நாடுகடத்தப்பட்டிருந்தார்.

இந்த ஊழியத்தின் சுருக்கப்பெயர் ‘தோசான்’. கொரிய மொழியில் அதே ஒலிக்கு ‘திவால்’ என்றும் பொருள். “தோசான் நுழைந்தால் தோசான்தான்” என்று ஆளும் தரப்பு பரப்புரை செய்தது. ஓர் ஆன்மப்பணியைக் கண்டு ஆலை முதலாளிகள் அஞ்சினர் என்பதே அது யார் பக்கம் நின்றது என்பதைக் காட்டுகிறது.

நிறுவனமே ஊதியம் தரும்போது

அமெரிக்காவில் வளர்ந்த வடிவம் வேறு. 1984இல் டல்லாசில் தொடங்கிய மார்க்கெட்பிளேஸ் அமைப்பு, கட்டணம் பெற்றுக்கொண்டு நிறுவனங்களுக்குச் சாப்ளின்களை அனுப்புகிறது. இறைச்சி பதப்படுத்தும் டைசன் நிறுவனம் 2000 முதல் தன் ஆலைகளில் தானே சாப்ளின்களை அமர்த்தியிருக்கிறது. மரணம், மணமுறிவு, குடிநோய், கடன் ஆகியவற்றில் இவர்கள் உண்மையாகவே உதவுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் துயரத்தின் காரணம் வீட்டில் இல்லாமல் ஆலையிலேயே இருந்தால்? வேலையின் வேகம், கூலி, மேற்பார்வையாளரின் வசை ஆகியவை காரணமாக இருந்தால்? ஊதியம் தருபவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நிலையில் சாப்ளின் இருப்பதில்லை. அநீதி அங்கே தனிமனித மனவேதனையாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டுக்கும் இடையே துறைமுக ஊழியம் நல்ல முன்மாதிரி. 1856 முதல் இயங்கும் ஆங்கிலிகன் மாலுமிகள் ஊழியமும், 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்க ஸ்டெல்லா மாரிசும் கப்பலேறி மாலுமிகளைச் சந்திக்கின்றன. சம்பளம் வராத மாலுமியைப் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளரிடம் சேர்ப்பதும் இவ்வூழியர்கள் செய்யும் பணி. இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கரையில் நலவசதிகள் பெறுவதை மாலுமியின் உரிமையாக்கியிருக்கிறது. அங்கே ஆறுதலும் சட்டமும் கைகோத்து நிற்கின்றன.

நம் சட்டம் சொல்வது

ஊழியரிடம் சொல்வது சட்டப்படி புகார் ஆகாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதங்கள் வரை குழு நீட்டிக்கலாம். அந்த இளம்பெண்ணுக்கு நாம் எழுதிக் கொடுத்தது அத்தகைய மனுவே. பத்துப் பேருக்குக் குறைவான பணியிடம் என்றாலோ, புகார் முதலாளிமீதே என்றாலோ, மாவட்ட உள்ளூர்க் குழுவை அணுகலாம்.

ஊழியரிடம் சொன்னது இரகசியமாகவே இருக்கும் என்ற சட்ட உத்தரவாதமும் இல்லை. கணவன் மனைவி உரையாடலுக்கும் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கும் இந்தியச் சாட்சியச் சட்டம் தந்த பாதுகாப்பைக் குருவானவரிடம் சொல்வதற்குத் தரவில்லை. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் தரவில்லை.

தலித் கிறித்தவத் தொழிலாளியின் நிலை இன்னும் கடினமானது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் எனத் தொடங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு மூடியே இருக்கிறது. ஆகவே பணியிடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடுவதில் அவருக்குத் தடை எழுகிறது. பலருக்குத் திருச்சபையே அருகிலிருக்கும் ஒரே வாசல். அந்தத் திருச்சபைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதை மறந்துவிட்டு ஆன்மப்பணியைப் பற்றிப் பேச முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆலைக்கோ விடுதிக்கோ சமயப் பணியாளர் வரும்போது தோழர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. அவருக்கு ஊதியம் தருவது யார், அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கு?
2. கேட்டதை அவர் நிர்வாகத்திடம் சொல்வாரா?
3. தொழிற்சங்கத்துடன் அவருக்கு உறவு உண்டா?
4. உள்ளகக் குழு, தொழிலாளர் துறை, சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் தொடர்பு விவரங்களைக் கொடுக்கிறாரா?
5. வேறு மதத்தினருக்கும் மதமற்றோருக்கும் நிபந்தனையின்றி உதவுகிறாரா?

திண்டுக்கல்லில் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வென்றெடுத்தது. பணித்தளத்தில் பாலின, சாதிய வன்முறையைத் தடுக்கும் பொறுப்பை அது நிறுவனத்தின்மீது சுமத்தியது. தொழிலாளியின் கையில் எழுத்தில் இருக்கும் உரிமை அது. நல்ல ஊழியர் அந்தப் பெண்ணின் கண்ணீரைத் துடைப்பார். துடைத்தபின் புகார் மனுவை எழுதுவதற்கும் உடன் உட்காருவார்.