மூன்று பேர் படித்த கடிதம்

1943-ல் ராசிபுரத்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி போர்முனையில் இருக்கும் கணவனுக்குப் பதில் போட வேண்டுமென்றால், விலாசத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். சிப்பாயின் நம்பர், பதவி, பெயர், கம்பெனி, களத் தபால் நிலைய எண் எல்லாம் வேண்டும். அவன் இருக்கும் ஊரை எழுதக் கூடாது. அது ராணுவ ரகசியம். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். அது ஊர் வழக்கம். எழுதித் தரும் வாத்தியாரிடம் பழைய உறையை நீட்டுவதைத் தவிர வேறு என்ன வழி?

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருத்தது. பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிகம் ஆள் கொடுத்தது சென்னை மாகாணம். ராசிபுரம் அடங்கிய இன்றைய நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது; தனி மாவட்டமானது 1997-ல்தான். பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை.

எழுதத் தெரியாத சிப்பாய் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதுவான். பிறகு தணிக்கை அதிகாரி பிரிப்பார். ஊரில் தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மாமியாரும் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று பேர் வாயும் கண்ணும் பட்ட பிறகுதான் கடிதம் மனைவிக்கு. இதில் ஒருவன் என்னத்தை அந்தரங்கமாக எழுதிவிட முடியும்? பசு ஈன்றதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பங்காளி வரப்பை வெட்டுகிறானா என்பதையெல்லாம் தகப்பனுக்கு எழுதி, கடைசி வரியில் அவளை விசாரிப்பதே அந்தக் காலத்து மரியாதை.

மணியார்டர் இன்னும் மோசம். படிவத்தின் அடியில் கிழித்துத் தரும் துண்டில் இரண்டு வரிக்குத்தான் இடம். தபால்காரர் பணத்தை எண்ணி, மை தடவி, அவள் பெருவிரலை உருட்டி எடுத்த பிறகு அந்தத் துண்டு அவள் கைக்கு வரும்.

எழுதாமல் விட்டதும் நிறைய இருந்திருக்கும். இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்த ஜில்லா சேலம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் கள்ளுக்கடைகளை மூடினார். அங்கிருந்து போனவனுக்கு ராணுவத்தில் ரம் கிடைத்தது. அதை எந்தக் கணவன் எழுதுவான்? கண்ணிவெடி விஷயமும் அப்படித்தான். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோவில் கண்ணிவெடி தேடும் பணியில் இருந்தார் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். கூட வந்தவர்கள் பிழைக்கட்டும் என்று, வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் விழுந்து உயிரை விட்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது தரப்பட்டது.

தணிக்கையை நாம் திட்டலாம்தான். ஆனால் முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றில் இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, கேப்டன் ஹவல் தலைமையில் தணிக்கையாளர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகளே. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகளும் பட்டாணியர்களும். தமிழ்க் குரல் மிகக் குறைவு.

அடுத்த போரில் ராணுவத்துக்குத் தலைவலியாக வந்தது சிப்பாய் எழுதிய கடிதம் அல்ல, வீட்டிலிருந்து போன கடிதம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. சேலத்துச் சமவெளி கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்ணும் பூமிதானே, அதற்கென்ன கவலை என்று தோன்றும். அரிசி கிடைக்காதவன் கம்புக்கு வருவான். கம்பின் விலையும் ஏறும். இங்கே உலை ஏறவில்லை என்று வாத்தியார் கையெழுத்தில் போன வரி, மூன்று வேளையும் ரேஷன் சாப்பிடும் சிப்பாய்க்குத் தொண்டையில் நின்றது. ஊர்ப் பஞ்சச் செய்தி படையின் மனநிலையைக் கெடுக்கிறது என்று தணிக்கை அறிக்கைகள் மேலிடத்துக்குச் சொன்னன. திண்ணையில் சொல்லி எழுதச் செய்த ஒரு பெண்ணின் புலம்பல் ராணுவத் தலைமையகம் வரை போன வழி அதுதான்.

பதில் போடவாவது அவளுக்கு ஒரு விலாசம் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். அவர்களின் வீடுகளுக்குக் கடிதம் வருவது நின்றுபோனது. அந்த வீடுகளுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)