அலுவலகக் கணினிகளில் உலாவியின் பிணைய அமைப்புகளை ஸ்கிரிப்ட் வழி மாற்றுதல்

ஓர் அலுவலகத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகளில், உலாவி இணையத்தை எந்த வழியாக அடைய வேண்டும் என்ற அமைப்பை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றாமல், நிரல்வரிகளைக் கொண்டு ஒரே மூச்சில் மாற்றும் நிர்வாக முறை இது. உலாவிக்கும் வலைக்கும் இடையில் நின்று பக்கங்களைப் பெற்றுத் தரும் பிராக்ஸி சர்வரின் முகவரி, போர்ட் எண், பிராக்ஸி தேவைப்படாத உள் தளங்களின் பட்டியல், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர்த்தீர்வு, ஏற்கத்தக்க மறையாக்க நெறிமுறைகள் ஆகியவை இப்படி மாற்றப்படுபவற்றில் முக்கியமானவை. இதன் முப்பதாண்டு வரலாற்றை வேகம் கூடிய கதையாகச் சொல்வதே வழக்கம். அது பாதி உண்மைதான். மதிப்பை எழுதுவது எப்போதுமே எளிதாகத்தான் இருந்தது. எழுதிய மதிப்பு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, நாளை அதை யார் திரும்பப் பெறுவார் என்பதில்தான் ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் தடுமாறியது.

வலைக்கான பிராக்ஸி, வலை பிறந்த இடத்திலேயே உருவானது. ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் வலைச் சர்வரை பிராக்ஸியாகப் பயன்படுத்தும் முறையை ஆரி லுவோட்டனனும் கெவின் ஆல்ட்டிஸும் 1994-இல் அங்கு நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் விளக்கினர். தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் நிறுவனங்கள் வெளி வலையை அடையவும், ஒருமுறை இறக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து மெதுவான இணைப்பின் சுமையைக் குறைக்கவும் அது உதவியது. ஆனால் ஒவ்வோர் உலாவியிலும் அந்த முகவரியைத் தனித்தனியே நிரப்ப வேண்டியிருந்தது. 1996-இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 இதற்கு அழகான தீர்வைக் கொண்டுவந்தது. தானியங்கி அமைப்புக் கோப்பு என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஒரு சர்வரில் வைத்து, உலாவிகளுக்கு அதன் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். உலாவி ஒவ்வொரு முகவரிக்கும் அந்தக் கோப்பில் உள்ள ஒரு செயற்கூற்றைக் கேட்கும். ‘இந்த பிராக்ஸி வழியே போ, அது கிடைக்காவிட்டால் நேரடியாகப் போ’ என்பது போன்ற ஒற்றை வரி விடையாக வரும். முடிவெடுக்கும் இடம் ஆயிரம் கணினிகளிலிருந்து ஒரே கோப்புக்கு நகர்ந்தது. பிராக்ஸி மாறினால் கோப்பைத் திருத்தினால் முடிந்தது. இத்துறையில் நடந்த மிகச் சிறந்த நகர்வு இதுதான் என்பேன். பின்னால் வந்த பல கருவிகள் இதிலிருந்து பின்வாங்கியவையே.

பின்வாங்கல், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தொடங்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தன் பிராக்ஸி அமைப்பை ரெஜிஸ்ட்ரியின் நடப்புப் பயனர் கிளையில் வைத்தது. பிராக்ஸி இயக்கத்தில் உள்ளதா என்பதற்கு 0 அல்லது 1, முகவரிக்கும் போர்ட்டுக்கும் ஒரு சரம், விதிவிலக்குகளுக்கு இன்னொரு சரம். இவ்வளவு எளிமையாக இருந்ததால், பயனர் உள்நுழையும்போது ஓடும் லாகான் ஸ்கிரிப்ட்டில் இரண்டு மூன்று வரிகள் சேர்த்தாலே வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். 1990-களில் பேட்ச் கோப்புகளும் கிக்ஸ்டார்ட்டும், பிறகு வி.பி.ஸ்கிரிப்ட்டும், 2006-இல் வெளியான பவர்ஷெல்லும் இந்த வேலையைச் செய்தன. ஆனால் அந்த மதிப்பு கணினிக்கு உரியதல்ல, பயனருக்கு உரியது. இரவில் நிர்வாகி கணக்கில் ஓடவிட்ட ஸ்கிரிப்ட் பிழையே காட்டாமல் முடியும். மாறியிருப்பது நிர்வாகியின் சொந்த அமைப்பு மட்டுமே. காலையில் வந்து உள்நுழையும் ஊழியருக்குப் பழைய முகவரிதான் நிற்கும். சரியான கணக்கில் ஓடினாலும் சிக்கல் தீராது. ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவி புதிய மதிப்பைத் தானாகக் கவனிக்காது. அமைப்பு மாறிவிட்டது என்று விண்டோஸின் இணைய நூலகத்துக்குத் தனியே அறிவிக்க வேண்டும். இவற்றோடு, இணைப்பு வாரியான அமைப்புகள் வேறொரு சாவியில் இரும வடிவில் கிடந்ததால், மேலோட்டமாகச் சரியாகத் தெரிந்த கணினிகள் வேறு வழியில் போவதும் நடந்தது.

2000-இல் விண்டோஸ் 2000-உடன் வந்த, கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் குரூப் பாலிசியும் இதற்கான விடையாக முன்வைக்கப்பட்டன. அதற்கு முந்தைய விண்டோஸ் என்.டி. 4.0 காலத்துக் கொள்கைகளில் ஒரு பெருங்குறை இருந்தது. கொள்கையை நீக்கினாலும் அது எழுதிய மதிப்பு ரெஜிஸ்ட்ரியில் பச்சை குத்தியதுபோல் நின்றுவிடும். குரூப் பாலிசி தனக்கென ஒதுக்கப்பட்ட சாவிகளில் எழுதியது. கொள்கை விலகினால் மதிப்பும் விலகும். ஆயினும் உலாவி அமைப்புகளுக்கென்று இருந்த எக்ஸ்ப்ளோரர் பராமரிப்புப் பகுதி இந்த ஒழுங்குக்குள் முழுதாக வரவில்லை. 2012-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 10 அதைக் கைவிட்டது. அதன் இடத்துக்கு வந்த குரூப் பாலிசி விருப்பங்கள், இயல்பு நிலையில், விலகிய பிறகும் மதிப்பை விட்டுச்செல்பவை. ஃபயர்ஃபாக்ஸ் வேறு திசையில் போனது. அதன் அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் இல்லை. தாறுமாறான எழுத்துகளைப் பெயரில் கொண்ட பயனர் கோப்புறைக்குள் இருந்தது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்புறையையும் தேடிப்போய் எழுத வேண்டும். உலாவி திறந்திருக்கும்போது அமைப்புக் கோப்பைத் திருத்தினால், மூடும்போது உலாவி தன் பழைய மதிப்புகளையே அதன்மேல் எழுதிவிடும். 2018-இல் ஃபயர்ஃபாக்ஸ் 60 ஒரே கொள்கைக் கோப்பை ஏற்கத் தொடங்கியபோது இந்தத் துரத்தல் பெரிதும் ஓய்ந்தது.

அமைப்பு யார் கையில் என்ற கேள்வி வெறும் நிர்வாக நுணுக்கமல்ல என்பதைத் தாக்குதல்களின் வரலாறு காட்டுகிறது. நிர்வாகிக்கு எளிதான வழி தாக்குபவருக்கும் எளிது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை வெளிப்படுத்திய டி.என்.எஸ். சேஞ்சர் மோசடியில் சுமார் 40 லட்சம் கணினிகளின் பெயர்த்தீர்வு முகவரிகள் மாற்றப்பட்டிருந்தன. குற்றவாளிகள் பிடிபட்ட பிறகும், அந்த முகவரிகளில் இருந்த அவர்களுடைய சர்வர்களை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையமே நின்றுபோகும். நீதிமன்ற அனுமதியோடு மாற்றுச் சர்வர்களை 2012 ஜூலை 9 வரை இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே எழுதப்பட்ட மதிப்பைத் திரும்பப் பெற யாருக்கும் ஒரு பொதுக் கைப்பிடி இல்லாததன் விலை அது.

இதை வைத்து, மையப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. மையமே ஆபத்தாகலாம் என்ற மறுப்பு வலுவானது. அதற்குச் சான்று, தானாகவே பிராக்ஸியைக் கண்டறியும் டபிள்யூ.பி.ஏ.டி. முறை. 1999-இல் வரைவாக முன்வைக்கப்பட்ட இம்முறை இணையத் தர ஆவணமாக ஏற்கப்படவே இல்லை; ஆனால் அதே ஆண்டு வந்த எக்ஸ்ப்ளோரர் 5 அதைச் செயல்படுத்தியது. பிணையத்தில் ‘டபிள்யூபேட்’ என்ற பெயருக்கு யார் பதில் சொன்னாலும் கணினி நம்பும். 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃப்ளேம் தீநிரல், தானே அந்தப் பெயருக்குரிய கணினி என்று அறிவித்து, அண்டைக் கணினிகளின் விண்டோஸ் அப்டேட் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பியது. அலுவலகத்துக்கு வெளியே எடுத்துச் செல்லப்படும் மடிக்கணினிகள் இந்தப் பெயரைப் பொது இணையத்தில் கேட்டு ஏமாறக்கூடும் என்று 2016 மே மாதத்தில் அமெரிக்க அரசின் கணினி அவசரகாலக் குழு எச்சரித்தது. ஒரே இடத்தில் முடிவு இருந்தால் மட்டும் போதாது, அந்த இடம் தன் அடையாளத்தை நிரூபிக்கவும் வேண்டும். டபிள்யூ.பி.ஏ.டி. தோற்றது மையம் இருந்ததால் அல்ல, அந்த மையத்துக்குப் பொறுப்பாளர் இல்லாததால்.

குரூப் பாலிசிக்குத் தேவையான டொமைன் சர்வர் வைக்க வசதியில்லாத இருபது கணினி அலுவலகம் என்ன செய்யும் என்பது இன்னொரு நியாயமான கேள்வி. அங்கு ஸ்கிரிப்ட் தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் பிராக்ஸி முகவரியை நேரடியாக எழுதாமல், உலாவியின் கொள்கைக் கோப்பையோ கொள்கைச் சாவியையோ எழுதலாம். உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. கொள்கை ஊழியரின் உரிமையைப் பறிக்கிறது என்ற குறையும் இங்கே எதிர்த்திசையில்தான் பொருந்தும். கொள்கை வழியே அமைத்தால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தாம் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுவதைப் பயனருக்கே காட்டுகின்றன. எந்த மதிப்பு திணிக்கப்பட்டது என்பதைப் பார்க்கத் தனிப் பக்கமும் உண்டு. இரவில் சத்தமின்றி ஓடிய ஸ்கிரிப்ட் அத்தகைய தடயம் எதையும் தருவதில்லை. 2020 பிப்ரவரியில் மறையாக்கப்பட்ட பெயர்த்தீர்வை அமெரிக்கப் பயனர்களுக்கு இயல்பாக்கியபோது, நிறுவனக் கொள்கை உள்ள கணினிகளை ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா விலக்கிவைத்தது. அறிவிக்கப்பட்ட கொள்கையை உலாவி மதிக்கிறது. அறிவிக்காமல் எழுதிய மதிப்பை அது பயனரின் சொந்த விருப்பமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இப்பொறுப்பில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. அமைப்பைக் கொள்கையாக எழுதுங்கள். தானியங்கி அமைப்புக் கோப்பை மறையாக்கப்பட்ட இணைப்பில் உங்கள் சொந்தச் சர்வரிலிருந்து மட்டும் வழங்குங்கள். மதிப்பை நீக்கும் ஸ்கிரிப்ட்டை, எழுதும் ஸ்கிரிப்ட்டோடு சேர்த்தே சோதித்து வையுங்கள். பயன்படுத்தாத தானியங்கிக் கண்டறிதலை எல்லாக் கணினிகளிலும் அணைத்துவிடுங்கள்.