ரேடியேட்டர் மூடியின் கதை

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ரேடியேட்டர் மூடி வெறும் மூடிதான். தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாய்ப் போகும். ஓட்டுநர் மறுபடி ஊற்றுவார்.

பின்னர் வந்த கார்களில் மூடிக்குள் சுருள்வில் வைத்தார்கள். பிரஷர் குக்கரின் குண்டுபோல அது ஆவியை அடக்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் டெனி பாப்பேன் கண்ட வழிதான். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீர் ஏறத்தாழ 120 பாகைவரை கொதிப்பதில்லை. மிஞ்சினால் வில் வழிவிடும்.

வில் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ வண்டி பழைய மாடல் டி ஆகிவிடும்: தண்ணீர் குறையும், மூடியோரம் ஆவி சீறும். ஆறியபின் மேல்குழாய் சப்பிக் கிடந்தால், மூடியின் சிறிய உள்வால்வு அடைத்திருக்கலாம்.

பார்க்கிறேன் என்று சூட்டோடு திறந்துவிடாதீர்கள். அடங்கியிருந்த நீர் அக்கணமே ஆவியாய் முகத்தில் பாயும். எங்கள் தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவரின் கன்னத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.